சீப்பு இழுக்கவில்லையா, பலூன் ஒட்டவில்லையா? கொழும்பு வீட்டில் நிலைமின் பரிசோதனையைச் சரிப்படுத்த ஒரு வழிகாட்டி

பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானக் கண்காட்சி நெருங்கினால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் என் வீட்டுக் கதவை அடிக்கடி யாராவது தட்டுவார்கள். ஒரு பிள்ளை கையில் சீப்போடு நிற்கும், பின்னால் அம்மாவோ அப்பாவோ. "மாமா, வீடியோவில வருது, நாங்க செஞ்சா ஒண்ணும் வருதில்ல." தேய்த்த சீப்பு கடதாசித் துண்டை இழுக்கும் அந்த நிலைமின் பரிசோதனைதான். இதையே வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து, எதை முதலில் பார்ப்பது, எதற்குக் காசு செலவழிப்பது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு விஷயம் தெரிந்தவரைக் கூப்பிடுவது என்று எனக்கு ஒரு வரிசை படிந்துவிட்டது. அதைத்தான் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். இலத்திரன் எங்கிருந்து எங்கே போகிறது என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை இந்த ஊரில் பத்தில் எட்டு தடவை குற்றவாளி தண்ணீர்தான்: காற்றின் ஈரம், உள்ளங்கை வியர்வை, பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் ஈரப்படலம். தேய்த்து ஏற்றிய மின் ஏற்றம் அந்தப் படலத்தின் வழியே வழிந்து உங்கள் கைக்கே வந்துவிடும். வீடியோக்காரர்கள் பாதிப்பேர் குளிர்நாட்டில் ஹீட்டர் போட்ட அறையில் இருந்து செய்கிறார்கள், அங்கே காற்று அப்பளம் மாதிரிக் காய்ந்திருக்கும். ஆகவே எதையும் வாங்க ஓடுவதற்கு முன் கீழே உள்ள டேப் சோதனையைச் செய்யுங்கள்.

## எல்லாவற்றுக்கும் முன்: டேப் சோதனை

வீட்டில் இருக்கும் சாதாரண செலோடேப்பை மேசையில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டுங்கள். அது அடிப்படை, அதைக் கழற்ற வேண்டாம். அதன் மேல் இன்னொரு சாண் டேப்பை ஒட்டி, ஒரு முனையைக் கொஞ்சம் மடித்துப் பிடி மாதிரி வைத்துக்கொண்டு, சட்டென்று உரித்தெடுங்கள். மெதுவாக உரித்தால் வராது, பிளாஸ்டர் கழற்றுவது போல ஒரே இழுவை. அதே மாதிரி இரண்டாவது துண்டு ஒன்று. இரண்டையும் பசையில்லாத பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி தொங்கவிட்டு நெருக்குங்கள். இரண்டும் ஒன்றையொன்று பிடிக்காத சம்பந்திமார் மாதிரி விலகி வளைந்தால் சோதனை தேறிவிட்டது.

விலகினால் அன்றைய காற்று பரவாயில்லை, பிழை உங்கள் சீப்பிலோ துணியிலோ கையிலோதான். இரண்டாவது தலைப்புக்குப் போங்கள்.

விலகவே இல்லை, அல்லது விலகி பத்து விநாடிக்குள் சோர்ந்து தொங்குகிறது என்றால் பிழை அறையில். முதலாவது தலைப்பு.

இரண்டு துண்டும் உங்கள் கையோடு போய் ஒட்டுகின்றன, ஆனால் ஒன்றையொன்று விலக்குகின்றனவா என்று பார்க்கவே முடியவில்லை என்றால், அது பிழையே அல்ல. ஏற்றமில்லாத கை, ஏற்றமுள்ள எதையும் இழுக்கும். கையை நீட்டி, துண்டுகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துப் பாருங்கள்.

## 1. டேப்பும் தோற்றது, எதுவுமே வேலை செய்யவில்லை

செலவில்லாத வேலை முதலில்: நேரத்தை மாற்றுங்கள். கொழும்பில் காலையில் ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டுவது சாதாரணம், நல்ல வெயில் நாளில் பின்நேரம் எழுபதை ஒட்டி இறங்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு முன் காலை ஆறரைக்கு அவசரமாகச் செய்து பார்ப்பார்கள், அது ஆகக் கெட்ட நேரம். பகல் இரண்டு, மூன்று மணிதான் நல்லது. மழை பெய்து ஓய்ந்த கையோடு தொடங்க வேண்டாம். ஜனவரி, பெப்ரவரியில் எல்லாம் தானாகவே வரும், ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் தலையால் நடந்தாலும் கஷ்டம்.

அடுத்தது அறை. அரிசி அவியும் குசினிக்குப் பக்கத்தில், ஈரத் துணி காயும் பல்கனிக்குப் பக்கத்தில் வேண்டாம். கடல் பக்க யன்னலைச் சாத்துங்கள். காலி வீதிக்குக் கடல் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும், யன்னல் கண்ணாடியில் விரலை வைத்தால் ஒரு பிசுபிசுப்பு இருக்கும். அது கடல் உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அது நீங்கள் சீப்புக்குப் பதில் தேய்க்கும் பிவிசி பைப்பின் மேலும் இருக்கும்.

ஏசி இருந்தால் கதவு யன்னலைச் சாத்தி அரை மணி நேரம் ஓடவிட்டு, சாமான்களையும் அதே அறையில் வைத்துவிட்டு, அங்கேயே செய்யுங்கள். டிரை மோட் இருந்தால் அதைப் போடுங்கள். என்னிடம் இருக்கும் சின்ன ஈரப்பதன் மீட்டர் ஏசி அறையில் ஐம்பத்தைந்துக்கு வந்துவிட்டது என்றால் ஏறக்குறைய எல்லாமே வேலை செய்யும், அறுபத்தைந்துக்கு மேல் இருந்தால் டேப்பும் பிவிசி பைப்பும் மட்டும்தான் கைகொடுக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானே அதில் விழுந்தவன். ஒரு கண்காட்சிக்கு முதல்நாள் எல்லாச் சாமானையும் ஏசி அறையில் வைத்துக் குளிரவிட்டு, காலையில் அப்படியே தூக்கிக்கொண்டு போய் திறந்த மண்டபத்தில் மேசையில் அடுக்கினேன். ஒன்றும் அசையவில்லை. ஏன் என்று குழம்பிக்கொண்டு நிற்கும்போதுதான் கவனித்தேன், என் மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகைபிடித்தாற்போல் இருந்தது. ஏசி காரிலிருந்து இறங்கினால் கண்ணாடி புகையுமே, அதேதான். கண்ணாடியில் படிந்தது பைப்பிலும் படிந்திருக்கிறது, போத்தலிலும் படிந்திருக்கிறது, அவை மூக்கில் இல்லாததால் தெரியவில்லை. குளிர்ந்த சாமானை வெளியே கொண்டுவந்தால் அறை வெப்பநிலைக்கு வரும்வரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அல்லது வெயிலில் வைத்துச் சூடாக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.

ஏசி இல்லையென்றால் ஹெயார் டிரையர். பைப், சீப்பு, துணி மூன்றையும் கையில் இளஞ்சூடு தெரியும்வரை காயவிடுங்கள். பொருள் சுற்றிலும் உள்ள காற்றைவிடக் கொஞ்சம் சூடாக இருக்கும்வரை அதன் மேல் ஈரம் படியாது, உங்களுக்குச் சில நிமிடம் கிடைக்கும். பிவிசியை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வளைந்துவிடும். இன்னொன்று, அயன் என்று ஒரு பட்டன் உள்ள டிரையர் என்றால் அதை நிறுத்திவிடுங்கள், அது வெளியே விடும் அயன்கள் ஏற்றத்தை அழித்துவிடும். உலர்த்திவிட்டுத் தேய்க்க வேண்டும், தேய்த்துவிட்டு உலர்த்தக் கூடாது.

நெருப்பும் அப்படித்தான். மெழுகுதிரி, குத்துவிளக்கு, கற்பூரம் எது எரிந்தாலும் சுவாலைக்குப் பக்கத்தில் ஏற்றம் நிற்காது. சுவாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றிவிட்டு அதே மேசையில் பரிசோதனை வைத்த ஒரு வீட்டில் அரை மணி நேரம் தலையைச் சொறிந்திருக்கிறோம்.

இவ்வளவும் செய்தும் டேப் விலகவில்லை என்றால் அன்றைக்கு விடுங்கள். ஈரமான காலநிலை இந்த வேலையைக் கெடுக்கும் என்பதை 1600ஆம் ஆண்டு வாக்கிலேயே ஆங்கில விஞ்ஞானி வில்லியம் கில்பர்ட் எழுதி வைத்துவிட்டார், இங்கிலாந்திலேயே அவருக்கு அந்தப் பாடு.

## 2. டேப் வேலை செய்கிறது, ஆனால் சீப்போ பைப்போ கடதாசியை இழுக்கவில்லை

இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். வரிசையாகப் பாருங்கள்.

தலையில் எண்ணெய் வைத்திருக்கிறதா? இதைத்தான் நான் முதலில் கேட்பேன், முக்கால்வாசிப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். தேங்காய் எண்ணெய் பூசிய தலையில் சீப்பை ஆயிரம் தடவை இழுத்தாலும் ஒன்றும் ஏறாது. எண்ணெய் சீப்பிலும் படிந்துவிடும், அதனால் அடுத்தவர் தலையில் தேய்த்தாலும் பயனில்லை. ஷாம்பு போட்டு நன்றாகக் காய்ந்த தலை, கழுவிக் காயவைத்த சீப்பு. கண்டிஷனர் போட்ட தலையும் வேண்டாம்.

எங்கே பிடிக்கிறீர்கள்? தேய்த்த பகுதியையே கையால் பற்றினால் எல்லாம் போய்விடும். ஒரு முனையைப் பிடித்து மறுமுனையைத் தேய்க்க வேண்டும். வியர்க்கும் கை என்றால் பிடிக்கும் முனையில் ஒரு பொலித்தீன் பையைச் சுற்றுங்கள்.

சவர்க்காரத்தால் கழுவினீர்களா? கழுவியது சரி, ஆனால் சவர்க்காரம் மிச்சம் ஒட்டியிருந்தால் அதுவும் ஈரத்தைப் பிடிக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசித் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிவிசி என்றால் ஃபார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் ஒரு தடவை துடைத்தால் போதும். பேர்ஸ்பெக்ஸ் கோலுக்கு மட்டும் ஸ்பிரிட் பூசாதீர்கள், மயிர்க்கோடு கோடாக வெடித்துவிடும்.

துணி என்ன? பருத்தித் துவாய், கைக்குட்டை, சாரம் எதுவும் அவ்வளவு நன்றாக வராது. பருத்தி ஈரத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கம்பளி நல்லது, ஆனால் கொழும்பில் கம்பளிக்கு எங்கே போவது? நுவரெலியா போய் வந்தபோது வாங்கிய சுவெட்டர் இருக்கிறது என்பார்கள், அது பாதித் தடவை அக்ரிலிக். தெரிந்துகொள்ள, உள்பக்கத் தையலில் இருந்து ஒரு நூலை எடுத்து, பெரியவர் ஒருவர் கையில், தண்ணீர்ச் சட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். தலைமயிர் கருகிய மணம் வந்து பொடியாக உதிர்ந்தால் கம்பளி, உருகிக் கெட்டி மணி மாதிரி உறைந்தால் அக்ரிலிக். கம்பளி கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், காய்ந்த டிஷ்யூவால் பிவிசியை அழுத்தித் தேய்த்தாலே போதுமான அளவு வரும். துணியைக் கழுவும்போது சொஃப்ட்னர் போட்டிருந்தால் அந்தத் துணியை ஒதுக்கிவிடுங்கள், ஆடை ஒட்டாமல் இருக்கவென்றே அதைப் போடுகிறார்கள். அம்மாவின் பட்டுச்சேலையைத் தொட வேண்டாம். பட்டு நல்லதுதான், சரிகைக் கரைதான் கெடுக்கும், அது போக அம்மாவும் இருக்கிறார்.

கடதாசித் துண்டு பெரிதா? சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குக் கிழியுங்கள். கொப்பித் தாளைவிட டிஷ்யூவின் ஒரு படலம் நல்லது. அப்புறம் மேலே சுற்றும் ஃபேனை நிறுத்துங்கள். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் "பறக்குது மாமா, ஒட்டுதில்ல" என்று வந்த ஒரு வீட்டில் ஃபேன் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இவ்வளவும் பார்த்த பின்தான் காசு செலவழிக்க வேண்டும். அப்போதும் விஞ்ஞானக் கடைக்குப் போய் எபனைற்று (கடின ரப்பர்) கோல் வாங்க வேண்டாம், பக்கத்து ஹார்ட்வெயார் கடையில் அரை அங்குல பிவிசி பைப் ஒரு முழம் வெட்டித் தரச் சொல்லுங்கள். என்னிடம் உள்ளதிலேயே நம்பகமானது அதுதான். மேலே அச்சடித்த எழுத்து இருந்தால் அந்தப் பக்கத்தைப் பிடியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கோலும் பட்டும் படத்தில் அழகாக இருக்கும், இந்த ஊர்க் காற்றில் கண்ணாடியின் மேல்தான் ஈரப்படலம் முதலில் படியும். எனக்கு அது கோபத்தைத் தவிர வேறொன்றும் தந்ததில்லை.

## 3. ஒட்டிய துண்டு உடனே பாய்ந்து போகிறது

சரியாகத்தான் நடக்கிறது. பைப்பைத் தொட்ட துண்டு அதே ஏற்றத்தை வாங்கிக்கொண்டு விலகிப் பாய்கிறது. ஈரமான கடதாசி கொஞ்சம் கடத்தும், அதனால் இங்கே அது இன்னும் சீக்கிரம் நடக்கும். கண்காட்சியில் இதைப் பிழை என்று மறைக்காமல், இதையே காட்டச் சொல்லுங்கள். இழுப்பதைவிட விலக்குவதுதான் நல்ல சான்று, ஏனென்றால் ஏற்றமில்லாத பொருளும் இழுபடும், விலக்கம் மட்டும் இரண்டிலும் ஏற்றம் இருந்தால்தான் வரும்.

## 4. பலூன் சுவரில் நிற்கவில்லை

முடிச்சில் பிடித்துத் தேய்த்தீர்களா, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தா? முடிச்சில் மட்டும். தேய்த்த பக்கம் சுவரைப் பார்க்கிறதா? பலூனில் ஏற்றம் தேய்த்த இடத்திலேயே நிற்கும், திருப்பி வைத்தால் வேலை செய்யாது. சுவர் மழைக்கு ஊறியிருந்தால் அலுமாரிக் கதவில் அல்லது உட்கூரையில் முயலுங்கள். பெரிதாக ஊதிய பலூனைவிட நடுத்தரமாக ஊதியது நன்றாக நிற்கும் என்பது என் அனுபவம். பழைய பலூனின் மேல் மாவு மாதிரி ஒன்று படிந்திருக்கும், துடைத்துவிட்டுச் செய்யுங்கள். வேறு ஒன்றுமில்லை.

## 5. உப்பும் மிளகும் பிரியவில்லை

உப்பு ஈரம். திறந்த பாத்திரத்தில் இருந்த உப்பு என்றால் வாணலியில் இரண்டு நிமிடம் வறுத்து ஆறவிடுங்கள், மிளகைப் புதிதாக நன்றாகப் பொடிக்கவும். பைப்பை ஒரு அங்குல உயரத்திலிருந்து மெதுவாக இறக்குங்கள், மிளகுதான் முதலில் எழும்பும். ஒரேயடியாகக் கிட்டே கொண்டுபோனால் உப்பும் சேர்ந்து வரும்.

## 6. குழாய்த் தண்ணீர் வளையவில்லை

தண்ணீர் தீக்குச்சி தடிப்பில், உடையாமல் இழையாக விழ வேண்டும். மேல்தளத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உடைந்தால் கொஞ்சம் கூடுதலாகத் திறவுங்கள். பைப் தண்ணீரில் பட்டுவிட்டால் அவ்வளவுதான், துடைத்துக் காயவிட்டு மறுபடி. எல்லாவற்றையும் நனைத்துவிடும் என்பதால் இதைக் கடைசியாக வையுங்கள்.

## 7. ஜாம் போத்தல் மின்காட்டி: இலைகள் விரியவில்லை

போத்தல் மூடியில் துளை போட்டு, கம்பி இறக்கி, கீழே அலுமினியத் தாளில் இரண்டு இலை தொங்கவிடும் அந்தப் பழைய சாதனம்தான், ஏற்றம் இருந்தால் இலைகள் விரிந்து காட்டும். பொன்னிலை மின்காட்டியின் ஏழை உறவு.

இலை தடிப்பா என்று முதலில் பாருங்கள். கேக் சுற்றும் அலுமினியத் தாளில் மெல்லியது போதும், ஆனால் தேயிலைப் பைக்கற்றின் வெள்ளித்தாள் வேண்டாம், அது பிளாஸ்டிக்கோடு சேர்த்து ஒட்டியது, விறைப்பாக இருக்கும். இலைகள் அரை அங்குல அகலம், ஒன்றரை அங்குல நீளம், கம்பியில் இறுக்கமாகக் குத்தாமல் ஊஞ்சல் மாதிரி ஆட வேண்டும். வாயால் மெல்ல ஊதினால் ஆடுகிறதா? ஆடாவிட்டால் விரியவும் மாட்டாது.

இரண்டு இலையும் ஒட்டிப்பிடித்திருந்தால் கழற்றி, ஒரு கரண்டியின் முதுகால் தடவிச் சுருக்கம் எடுத்து மறுபடி போடுங்கள்.

கம்பியில் வார்னிஷ் பூச்சு இருக்கிறதா? பழைய மோட்டாரிலிருந்து எடுத்த செப்புக் கம்பி என்றால் நிச்சயம் இருக்கும். இலை தொடும் இடத்தையும் மேல்முனையையும் மணல்தாளால் சுரண்டுங்கள்.

### விரிகின்றன, ஆனால் உடனே விழுந்துவிடுகின்றன

இது கசிவு. எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பெரும்பாலும் மூடி. கார்ட்போர்ட் மூடி, மரத் தக்கை இரண்டும் ஈரம் பிடிக்கும், கம்பி தகர மூடியைத் தொட்டாலும் அப்படியே. நான் செய்வது, மூடியில் பெரிய துளை போட்டு, அதற்குள் மெழுகை உருக்கி ஊற்றி, ஆறிய மெழுகின் நடுவே சூடாக்கிய கம்பியைச் செருகுவது. மெழுகுதிரி மெழுகு மிக நல்ல காவலி (மின்னைக் கடத்தாத பொருள்), ஈரத்தைச் சட்டை செய்யாது. உருக்கும் வேலை தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்த பேணியில், பெரியவர் கையில். அவ்வளவு மெனக்கெட முடியாதென்றால் தடித்த ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டு ஒன்றை அடைப்பானாக வெட்டிவையுங்கள், ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

அடுத்து போத்தலின் உள்பக்கம். வெயிலில் காயவைத்து, சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை அடியில் போட்டு மூடினால் இரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். பொட்டலம் பழையது என்றால் அது ஏற்கெனவே வயிறு நிறைய ஈரம் குடித்திருக்கும்.

கம்பியின் மேல்முனை கூராக இருந்தாலும் ஏற்றம் காற்றுக்குக் கசியும். அலுமினியத் தாளை இறுக்கி உருட்டி ஒரு வழுவழுப்பான உருண்டையாக மேலே செருகுங்கள்.

### பைப்பை எடுத்ததும் இலை விழுகிறது, ஏற்றம் தங்கவில்லை

பைப்பைப் பக்கத்தில் பிடித்து விரலால் உருண்டையைத் தொட்டு ஏற்றும் முறையில் செய்கிறீர்கள் என்றால் வரிசையைப் பாருங்கள். விரலை முதலில் எடுக்க வேண்டும், அப்புறம்தான் பைப். பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் பைப்பை முதலில் எடுத்துவிடுவார்கள்.

## 8. உலோகத் தட்டில் பொறி வரவில்லை

பிளாஸ்டிக் தகட்டைத் தேய்த்து, அதன் மேல் காவலிப் பிடி போட்ட உலோகத் தட்டை வைத்து, விரலால் தொட்டு, தூக்கினால் சின்னப் பொறி வரும் சாதனம். 1775இல் இத்தாலிய விஞ்ஞானி வோல்ட்டா இதைப் பிரபலப்படுத்தினார். கொழும்பு ஈரத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட நான் ஆக விரும்புவது இதுதான், ஏனென்றால் அடித்தகட்டைத் தேய்த்துவிட்டால் பல தடவை பொறி எடுக்கலாம், ஒவ்வொரு தடவையும் தேய்க்க வேண்டியதில்லை.

வராவிட்டால்: தட்டு தகட்டின் மேல் இருக்கும்போது விரலால் தொட்டீர்களா? தொட்ட விரலை எடுத்துவிட்டுத் தூக்கினீர்களா? இந்த இரண்டும்தான் முக்கால்வாசி. பிடி எதில்? மரக் கரண்டி, பென்சில் வேண்டாம், ரெஜிபோம் கப் ஒன்றைக் கவிழ்த்துத் தட்டின் நடுவே ஒட்டுங்கள். தட்டின் ஓரம் கசங்கிய அலுமினிய ட்ரே என்றால் அந்தக் கூர்விளிம்பால் கசியும், அதற்கு விளிம்பு சுருட்டிய பிஸ்கட் டின் மூடி மிகப் பொருத்தம்.

மூடியைப் பற்றி ஒரு விஷயம். ஒரு தடவை பள்ளிக்கூட மேசையில் நல்ல பெரிய டின் மூடி, நல்ல பிவிசி தகடு, ஏசி அறை, எல்லாம் இருந்தும் ஒரு சுடு மூச்சுக்கூட வரவில்லை. டேப் விலகுகிறது, பைப் இழுக்கிறது, மூடி மட்டும் பிணமாகக் கிடந்தது. ஒரு பிள்ளை நகத்தால் மூடியைச் சுரண்டிக்கொண்டே நின்றது, சுரண்டின இடத்தில் மஞ்சளாக ஒரு மெல்லிய தோல் உரிந்தது. மூடியின் இரண்டு பக்கமும் பூச்சு. வெளியே படம், உள்ளே அரக்கு மாதிரி ஒன்று. விரல் தொட்டது உலோகத்தையே அல்ல. மணல்தாளால் ஐந்து சதக் குற்றியளவு இடத்தைச் சுரண்டி அங்கே விரலை வைத்ததும் பொறி பட்டென்று வந்தது, பிள்ளை கையை உதறிக்கொண்டு சிரித்தது.

பெற்றோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட், காஸ் அடுப்புக்குப் பக்கத்தில் பொறி வரும் எதையும் செய்யாதீர்கள். வெளியே இடி முழங்கினால், குறிப்பாக ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர்ப் பின்நேரங்களில், மூட்டைகட்டி வையுங்கள்.

### தட்டின் ஏற்றம் நேரா (+), மறையா (-) என்று குழப்பம்

நியோன் பல்ப் உள்ள பழைய மாதிரி டெஸ்டர் ஒன்று போதும். இருட்டில், டெஸ்டரின் பின்பக்க உலோகத்தை விரலால் தொட்டுக்கொண்டு நுனியைத் தட்டில் வையுங்கள். உள்ளே இரண்டு சின்னக் கம்பிகளில் ஒன்று மட்டும் கண்ணிமைக்கும் நேரம் ஒளிரும். நுனிப்பக்கக் கம்பி ஒளிர்ந்தால் தட்டு மறை, விரல்பக்கம் ஒளிர்ந்தால் நேர். கம்பளியால் தேய்த்த பிவிசி மறையாக ஏறும், ஆகவே அதன் மேல் வைத்துத் தூக்கிய தட்டு நேராக இருக்க வேண்டும். எல்ஈடி போட்ட புது டெஸ்டரில் இதைப் பார்க்க முடியாது. அந்த டெஸ்டரை அப்புறம் பிளக்பொயின்டில் குத்திப் பார்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள்.

## 9. பள்ளிக்கூட வான் டி கிராவ் இயந்திரம் ஓடுகிறது, பொறி இல்லை

ரப்பர் பட்டி ஒன்று சுற்றி, மேலே உள்ள உலோகக் கோளத்தில் ஏற்றம் சேர்க்கும் இயந்திரம் இது. கோளத்தையும் தாங்கும் தூணையும் காய்ந்த துணியால் துடைத்து, பட்டியை ஹெயார் டிரையரால் உலர்த்துங்கள். பட்டியில் தூசியும் கைரேகையும் இருந்தால் அதுவே காரணம். மேலே கீழே உள்ள சீப்புக் கம்பிகள் பட்டியைத் தொடாமல் நூலளவு இடைவெளியில் இருக்க வேண்டும். பட்டி தளர்ந்து வெடித்திருந்தால் புதிது போட வேண்டும், அதுதான் இந்த வரிசையில் செலவான கட்டம். உருண்டையான மேற்பரப்புகளுக்கு இடையே 1 சென்ரிமீற்றர் பொறிக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் வேண்டும் என்பதை நினைத்தால், ஈர நாளில் அரைச் சென்ரிமீற்றர் வந்தாலே குறை சொல்ல மாட்டேன்.

மோட்டார் சூடாகிறது, இயந்திரத்தின் உடலில் கரண்ட் தெரிகிறது, வயர் கருகின மணம் வருகிறது என்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவரிடம் விடுங்கள். இயந்திரத்தோடு, ஏற்றத்தைச் சேர்த்து வைக்கும் லெய்டன் சாடியை இணைப்பதை வீட்டில் பிள்ளைகளோடு செய்யவே வேண்டாம், அதில் சேரும் ஏற்றம் சும்மா சுருக்கென்பதோடு நிற்காது. இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த மேசைக்குக் கிட்டவே வரக்கூடாது.

## 10. "ஃபிரிஜ்ஜைத் தொட்டா அடிக்குது, நிலைமின்னா?"

இந்தக் கேள்வி பரிசோதனை பார்க்க வந்த ஒரு அம்மா போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டது. "அண்ணா, இப்பதானே விளங்குது, எங்கட ஃபிரிஜ்லயும் இதுதான் போல." நான் உடனே உட்காரச் சொன்னேன்.

நிலைமின் அடி ஒரே ஒரு சுருக். ஒரு தடவை தொட்டதும் முடிந்தது, உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. அதை உணரவே ஏறக்குறைய 3000 வோல்ட் உடம்பில் ஏற வேண்டும், கொழும்பு ஈரத்தில், வெறுங்காலோடு தரையில் நடக்கும் ஒருவருக்கு அது சுலபத்தில் ஏறாது. கார்ப்பெட் விரித்த ஏசி அலுவலகத்தில் கதவுப் பிடி சுருக்கென்றால் நம்பலாம், காரிலிருந்து இறங்கும்போது சுருக்கென்றால் நம்பலாம். அதற்கு இறங்கும்போதே கதவின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு காலைக் கீழே வையுங்கள்.

தொடும்போதெல்லாம் வருகிறது, தொட்டுக்கொண்டிருக்கும்வரை விறுவிறு என்று நடுங்குகிறது, வெறுங்காலோடு அதிகம், செருப்போடு குறைவு: இது மின்கசிவு. ஃபிரிஜ், வொஷிங் மெஷின், சுடுதண்ணீர் ஹீட்டர், குளியலறைக் குழாய் எதில் வந்தாலும் அதேதான். லப்டொப்பின் உலோக மூடியைத் தடவும்போது மட்டும் மெல்லிய சொரசொரப்புத் தெரிந்து, சார்ஜர் இரண்டு முள் பிளக் என்றால், அது அநேகமாக சார்ஜரின் இயல்பு. சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடும். மற்றவை எல்லாம் ஆபத்து.

நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஈரக் கையாலோ வெறுங்காலோடோ அந்தச் சாமானை மறுபடி தொட்டுச் சரிபார்க்க வேண்டாம், பிளக்கில் கை வைக்கவும் வேண்டாம். முதலில் மெயின் போர்டில் அதன் பிரேக்கரை நிறுத்துங்கள், எதுவென்று தெரியாவிட்டால் மெயினையே நிறுத்துங்கள். அப்புறம் பிளக்கைக் கழற்றிவிட்டு, கரண்டை மறுபடி போட்டு, மின் கசிந்தால் கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சில் டெஸ்ட் என்று எழுதிய பட்டனை அழுத்துங்கள். படாரென்று விழுந்தால் சுவிட்ச்சின் அந்தப் பகுதி வேலை செய்கிறது. வீடுகளில் வழக்கமாக இருப்பது 30 மில்லியம்பியர் கசிவுக்கு விழும் வகை. விழவில்லை என்றால், அல்லது வீட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், அல்லது விழும் சுவிட்ச் இருந்தும் ஃபிரிஜ் அடிக்கிறது என்றால், எர்த் வயர் அறுந்திருக்கலாம், பிளக்பொயின்டில் எர்த்தே இல்லாமல் இருக்கலாம். அதைத் திறந்து பார்ப்பது உங்கள் வேலையும் அல்ல, என் வேலையும் அல்ல. லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு, எர்த்தையும், மின் கசியாமல் தடுக்கும் காவலையும் மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அந்த அம்மா வீட்டில் பிழை, ஃபிரிஜ்ஜின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடப்டரில் செருகியிருந்தார்கள். எலக்ட்ரீசியன் அடப்டரை எடுத்துவிட்டு எர்த் உள்ள பொயின்ட் ஒன்று போட்டுக் கொடுத்தார், உள்ளே கசிந்த பகுதியையும் மாற்றச் சொன்னார்.